இருநூற்று எண்பத்தாறு பேரும் கேள்விக்குறி ஆனார்கள்

எங்கள் மரண சகாய நிதிச் சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்துக்கு ஞாயிற்றுக்கிழமை வந்திருந்தவர்கள்:

தலைவர் தனபாலன், உதவிச் செயலாளர் மேகலா, செயலாளராகிய நான், மற்ற உறுப்பினர்கள் நூற்று ஒன்பது பேர். ஆக, உறுப்பினர்கள் நூற்றுப் பன்னிரண்டு. சமையல்காரர்கள் இருவர். குழந்தைகள் ஒன்பது. மண்டபத்தில் அடுத்து நடக்கவிருந்த பிறந்தநாள் விழாவுக்குப் பலூன் கட்ட வந்தவர் ஒருவர். யாருடைய உறவு என்று இதுவரை தெரியாத, ஆனால் இரண்டு தடவை சாப்பிட்ட பெரியவர் ஒருவர். மொத்தம் நூற்று இருபத்தைந்து.

இந்தக் கணக்கில் பிழை இல்லை. பிழையெல்லாம் மற்ற இடங்களில்தான்.

வேலை என்னவோ சின்ன வேலை. கம்ப்யூட்டரில் இருக்கும் உறுப்பினர் பட்டியலைப் பழைய எழுத்துருவிலிருந்து யூனிகோடுக்கு மாற்ற வேண்டும். மாற்றியதை அச்சடித்துக் கூட்டத்தன்று வாசல் மேசையில் வைக்க வேண்டும். வருகிறவர்கள் தங்கள் பெயருக்கு எதிரே கையெழுத்துப் போடுவார்கள். அவ்வளவுதான்.

ஆனால் அந்தப் பட்டியலில் என் சொந்த விடுதலை அடங்கியிருந்தது.

நான் செந்தூல் ரயில்வே பட்டறையில் ஸ்டோரில் இருந்து ஓய்வு பெற்றவன். ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னை விட்டுவிட்டது. அதன் பிறகு ஆணி, நட்டு, வாஷர் என்று எண்ணியே காலம் போயிற்று. எண்ண வரும். பேச வராது. "இவரு வாயத் திறக்க மாட்டாரு, சண்டை வராது" என்று சொல்லித்தான் என்னைச் செயலாளராகப் போட்டார்கள். வேறு தகுதி எதுவும் அவர்கள் கேட்கவில்லை. என்னிடம் இருக்கவும் இல்லை.

போட்டவர்கள் ஒன்றை மறந்துவிட்டார்கள். ஆண்டுக் கூட்டத்தில் போன வருட நடவடிக்கைக் குறிப்பைச் செயலாளர்தான் மைக்கில் வாசிக்க வேண்டும். நானும் ஒவ்வொரு ஆண்டும் வாசித்திருக்கிறேன். முதல் வரிசைக்கு மட்டும் கேட்கும். அங்கேயும் பாதிப் பேர் என் உதட்டைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்வார்கள்.

இந்த ஆண்டு தேர்தல். செயலாளர் பதவியை ஏற்க மேகலா சம்மதித்திருந்தாள். பிரிக்பீல்ட்ஸில் ஒரு கிளினிக்கில் முன்மேசையில் இருக்கிறவள். நாற்பதைத் தாண்டியவள். காய்ச்சலோடு வருகிறவர்களையே சத்தம் போடாமல் வரிசையில் உட்கார வைக்கிற பெண், எங்கள் உறுப்பினர்களைச் சமாளிக்க மாட்டாளா?

ஒரே ஒரு நிபந்தனை. கூட்டம் செல்லுபடியாக வேண்டுமானால் உறுப்பினர்களில் மூன்றில் ஒரு பங்குப் பேர் பட்டியலில் கையெழுத்துப் போட்டிருக்க வேண்டும். மொத்தம் இருநூற்று எண்பத்தாறு. வகுத்தால் தொண்ணூற்றைந்து பேரும், ஒருவரில் மூன்றில் ஒரு பங்கும் வரும். மனிதரை அப்படி வெட்ட முடியாது என்பதால் தொண்ணூற்றாறு. ஒன்று குறைந்தாலும் கூட்டம் செல்லாது. பழைய நிர்வாகமே தொடரும்.

பழைய நிர்வாகம் என்றால் நான்.

சனிக்கிழமை காலையில் மேகலா சங்க அலுவலகத்துக்குப் புது மடிக்கணினியைக் கொண்டுவந்தாள். பழைய கம்ப்யூட்டரிலிருந்து பட்டியலை அதில் ஏற்றித் திறந்தாள். முதல் உறுப்பினர் பெயர் Nfhtpe;jrhkp என்று இருந்தது.

"அங்கிள், யாரு இந்த ரஷ்யாக்காரரு?"

"கோவிந்தசாமிம்மா. கிள்ளான்ல இருக்காரு."

அந்தக் காலத்துத் தமிழ் எழுத்துருவின் தந்திரம் அது. கம்ப்யூட்டர் உள்ளே ஆங்கில எழுத்தைத்தான் வைத்திருக்கும். மேலே தமிழ் முகத்தை ஒட்டிக் காட்டும். அந்த எழுத்துரு உள்ள கம்ப்யூட்டரில் அவர் கோவிந்தசாமி. இல்லாத கம்ப்யூட்டரில் ரஷ்யாக்காரர். யூனிகோடில் அப்படி இல்லையாம். ஒவ்வொரு தமிழ் எழுத்துக்கும் தனி எண் உண்டாம். எந்தக் கைப்பேசியில் திறந்தாலும் தமிழாகவே தெரியுமாம்.

எழுத்துக்கு எண் என்றதும் எனக்குப் பிடித்துப்போயிற்று. அங்கேதான் வினை ஆரம்பம்.

"ஒரு வெப்சைட் இருக்கு அங்கிள். பழசப் போட்டா புதுசா மாத்திக் குடுக்கும். ஓசிதான்லா" என்றாள் மேகலா. சொல்லி முடிப்பதற்குள் கிளினிக்கிலிருந்து போன் வந்தது. "நீங்க போட்டுக்கிட்டு இருங்க" என்று வெளியே போனாள்.

போட்டேன். பாதி வேலை செய்து எனக்குப் பழக்கமில்லை. பெயர், ஐசி என்கிற அடையாள அட்டையின் எண், விலாசம் என்று பட்டியல் முழுவதையும் அள்ளிப் போட்டேன்.

பெயர்கள் அழகாகத் தமிழாயின. ஆனால் விலாசம் மலாயில், ஆங்கில எழுத்தில் இருந்தது. வெப்சைட்டுக்கு அது தெரியுமா? ஆங்கில எழுத்து எதைப் பார்த்தாலும் பழைய தமிழ் என்று நினைத்து அதையும் மாற்றித் தொலைத்தது. தெருவைக் குறிக்கும் ஜாலான் என்ற சொல் இருந்த இடத்திலெல்லாம் "துயடயெ" என்று வந்தது. செந்தூல் ஆளும் துயடயெ. அம்பாங் ஆளும் துயடயெ.

அந்த நேரம் பார்த்துத் தலைவர் தனபாலன் உள்ளே வந்தார். அரசாங்க அலுவலகத்தில் பெரிய பதவியில் இருந்தவர். எதையும் நின்று படித்துவிட்டுத்தான் உட்காருவார்.

"என்ன இது, நம்ம ஆளுங்க எல்லாரும் ஒரே இடத்துக்குக் குடி மாறிட்டாங்களா? எங்க இருக்கு இந்தத் துயடயெ? டெங்கில் பக்கமா?"

மேகலா ஓடி வந்து பார்த்தாள். "பேரு மட்டும் அங்கிள்! பேரு மட்டும் போடுங்க!"

பழைய பட்டியலை இன்னும் தொடவில்லை என்பதால் அந்த முறை தப்பித்தோம். அவளுக்கு மதியம் வேலை. பெயர்ப் பத்தியை மட்டும் எப்படி எடுப்பது, எப்படி மாற்றுவது, எப்படித் திரும்ப ஏற்றுவது என்று காட்டிவிட்டுக் கிளம்பினாள். வாசலில் நின்று திரும்பினாள்.

"முதல்ல பேக்கப் எடுத்து வெச்சிடுங்க அங்கிள்."

"பேக்கப்புன்னா?"

"இன்னொரு காப்பி."

"ஒரு சாமானுக்கு ரெண்டு கணக்கு வெச்சா, ரெண்டுல ஒண்ணு பொய்யாத்தாம்மா இருக்கும்."

"இது நட்டு போல்ட்டு இல்ல அங்கிள்" என்றாள். தலைவர் சிரித்தார். அவரும் அவளோடு கிளம்பிவிட்டார்.

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. நட்டு போல்ட்டு என்றால் அத்தனை இளக்காரமா?

தனியாக உட்கார்ந்தேன். பெயர்ப் பத்தியை மட்டும் எடுத்தேன். வெப்சைட்டில் போட்டேன். வந்ததை ஒரு வெற்றுக் கோப்பில் ஒட்டினேன். கோவிந்தசாமி! முனியாண்டி! புஷ்பம்! எல்லாரும் தமிழில் வந்து நின்றார்கள். எனக்கே கண் கலங்கிவிட்டது.

கோப்பைச் சேமிக்கப் போனேன். ஒரு பெட்டி திறந்து, ஆங்கிலத்தில் நீளமாக ஏதோ கேட்டது. அதில் எனக்குப் புரிந்த ஒரே சொல் கீழே இருந்தது. ஓகே. பட்டறையில் எத்தனையோ ஆங்கிலப் பாரங்களில், அதாவது படிவங்களில், கையெழுத்துப் போட்டவன் நான். ஒன்றும் ஆனதில்லை. ஓகேயை அழுத்தினேன்.

பிறகு மேகலா சொன்னபடி, ஐசி எண்ணும் விலாசமும் ஏற்கெனவே இருந்த புதுப் பட்டியலில் கோப்பை ஏற்றினேன். கீழே எண்ணிக்கை வந்தது: 286. என் கைக்கணக்கு: 286. டிக் போட்டேன்.

ஏற்றிய பிறகு பெயர்களைப் பார்க்கவில்லையா என்று நீங்கள் கேட்கலாம். எதற்குப் பார்க்க வேண்டும்? கோப்பில்தான் கொஞ்ச நேரம் முன்பு பார்த்தேனே, எல்லாம் தமிழாகத்தானே இருந்தது? எண்ணிக்கையும் சரி. எண்ணிக்கை சரியாக இருக்கும் பெட்டியைத் திறந்து பார்க்கிறவன் நல்ல ஸ்டோர்க்காரன் இல்லை.

பழைய பட்டியலை அழித்தேன். ஒரு சாமான், ஒரு கணக்கு. கம்ப்யூட்டர் குப்பைத் தொட்டி என்று ஒன்று வைத்திருக்கிறதல்லவா, அதையும் காலி செய்தேன். சுத்தம் எனக்கு முக்கியம்.

அப்போது தெருவில் "சூராட் காபார் லாமா" என்று ஒலிபெருக்கியைப் போட்டுக்கொண்டு பழைய பேப்பர் லோரி வந்தது. பழைய கம்ப்யூட்டர் இனி இடத்தை அடைத்துக்கொண்டு இருப்பானேன்? கூப்பிட்டேன். லோரிக்காரர் நல்லவர். "பாஸ், உள்ளே ஏதும் வேண்டியது இருக்கா, பார்த்துக்கோங்க" என்று மலாயில் கேட்டார்.

"எல்லாம் எடுத்தாச்சு" என்றேன்.

லோரியில் ஏற்றுவதற்கு நானும் ஒரு கை பிடித்தேன்.

ஞாயிற்றுக்கிழமை. மண்டபம் ஒரு மணி வரைதான் எங்களுக்கு. மேகலா வாசல் மேசையில் பிரிண்டரை வைத்துப் பட்டியலை ஓடவிட்டாள். முதல் தாளைக் கையில் எடுத்தாள். பார்த்தாள்.

"அங்கிள்."

டாக்டர் உங்களைத் தனியாகப் பார்க்க வேண்டும் என்று சொல்கிறபோது கிளினிக்கில் அவளுக்கு ஒரு குரல் உண்டு. அந்தக் குரல்.

தாளை வாங்கினேன்.

??????????? ?/?? ?????

அதற்குக் கீழே இன்னொன்று. அதற்குக் கீழே இன்னொன்று. தாள் முழுக்கக் கேள்விக்குறி. நடுநடுவே த/பெ என்பதன் சாய்ந்த கோடு மட்டும் உயிரோடு இருந்தது.

"எண்ணிக்கை?" என்றேன். சத்தியமாக, அதுதான் முதலில் வாயில் வந்தது.

"இருநூத்தி எண்பத்தாறு கரெக்டா இருக்கு அங்கிள். ஒண்ணுகூட குறையல."

தாளை என் கையிலிருந்து வாங்கி மேசையில் வைத்தாள்.

"சேவ் பண்றப்ப ஏதாச்சும் கேட்டுச்சா?"

"கேட்டுச்சு."

"என்னன்னு?"

"இங்கிலீஷ்ல."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"ஓகே."

"அது என்ன கேட்டுச்சு தெரியுமா? 'இதுல தமிழ் எழுத்து இருக்கு, இப்படி வெச்சா எல்லாம் அழிஞ்சிரும், பரவால்லையா'ன்னு கேட்டிருக்கு."

"பரவால்லைன்னுட்டேன்."

"ஸ்க்ரீன்ல தமிழாவே காட்டிக்கிட்டுத்தான் இருக்கும். மூடித் திறந்தாத்தான் தெரியும். சரி, பழைய பட்டியல்?"

"அழிச்சிட்டேன்."

"குப்பைத் தொட்டியில கிடக்குமே?"

"காலி பண்ணிட்டேன்."

"பழைய கம்ப்யூட்டர்ல?"

நான் தெருவைப் பார்த்தேன். அவளுக்குப் புரிந்துவிட்டது. நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள்.

தலைவர் வந்தார். நின்றபடியே முதல் தாளைப் படித்தார். படிக்க என்ன இருந்தது என்று தெரியவில்லை, ஆனால் கடைசி வரை படித்தார். உறுப்பினர்கள் ஆரம்பத்தில் எழுதிக் கொடுத்த பாரங்கள் எல்லாம் கிள்ளானில் அவர் வீட்டு ஸ்டோர் அறையில், பழைய மெத்தைகளுக்கு அடியில் பத்திரமாக இருப்பதாகச் சொன்னார். போய், மெத்தையைத் தூக்கி, எடுத்துவருவதற்குள் மண்டபத்தில் பிறந்தநாள் கேக் வெட்டியிருப்பார்கள்.

அதற்குள் முனியாண்டி வந்துவிட்டார். லோரி ஓட்டி ஓய்வு பெற்றவர். கூட்டம் எதுவானாலும் முதல் ஆள். சாப்பாட்டைத் திறக்கும்போதும் முதல் ஆள்.

"செக்ரட்டரி, நம்ம பேரு எங்க?"

தாளைக் காட்டினேன். கண்ணாடியை ஏற்றி இறக்கிப் பார்த்தார்.

"என்னலா இது? உயிரோட இருக்கோமா இல்லையான்னு சங்கத்துக்கே சந்தேகமா?"

மரண சகாய நிதிச் சங்கத்தில் கேட்கக்கூடாத கேள்வி.

பட்டியல் உறுப்பினர் எண்ணின் வரிசையில் இருந்தது. தங்கள் உறுப்பினர் எண் யாருக்காவது நினைவிருக்கிறதா? கிடையாது. அது உறுப்பினர் அட்டையில் இருக்கிறது. அட்டை எங்கே? எல்லாரும் ஒரே பதில்தான் சொன்னார்கள். வீட்டில் பத்திரமாக இருக்கிறதாம். எங்கள் உறுப்பினர்கள் எதையும் பத்திரமாக வைப்பார்கள். எடுத்து மட்டும் வரமாட்டார்கள்.

எனக்குத் தெரிந்த ஒரே வித்தையை எடுத்தேன். கேள்விக்குறிகளை எண்ணினேன். முனியாண்டி என்பதில் ஐந்து எழுத்து. ஐந்து கேள்விக்குறி உள்ள வரியைத் தேடினேன். கிடைத்ததில் அப்பா பெயரின் எண்ணிக்கை ஒத்துவரவில்லை.

"கொம்பு, சுழி, புள்ளி எல்லாத்தையும் தனித்தனியா எண்ணும் அங்கிள். பத்து தேடுங்க" என்றாள் மேகலா, தலையைக் கையில் தாங்கிக்கொண்டே.

பத்து கேள்விக்குறி, ஒரு சாய்ந்த கோடு, அப்பா பெயர் ராமனுக்கு ஐந்து. அந்த அமைப்பில் மூன்று வரிகள் கிடைத்தன.

"மூணுல நீங்க யாருன்னு தெரியலையே."

"நடுவுல உள்ளவன் நானா இருக்கட்டும்" என்றார் முனியாண்டி பெருந்தன்மையோடு. பின்னால் நின்ற ஒருவர் அந்த வரியின் எண்ணை உள்ளங்கையில் எழுதிக்கொண்டார். நாலு நம்பர் லாட்டரியில் போட்டுப் பார்ப்பாராம்.

தலைவர் விடவில்லை. "சட்டவிதி என்ன சொல்லுது? உறுப்பினர் தம் பெயருக்கு எதிரே கையொப்பமிட வேண்டும். இதுல எது பெயர்? நாளைக்குச் சங்கப் பதிவிலாகாவுல கேட்டா, பத்து கேள்விக்குறிதான் முனியாண்டின்னு நான் சொல்லவா?"

வரிசை வாசலைத் தாண்டிவிட்டது. உள்ளே பலூன்காரர் ஊத ஆரம்பித்துவிட்டார்.

அப்போது மேகலா தலையை நிமிர்த்தினாள். "பேரு போச்சு. ஐசி நம்பர் போகல! அது வெறும் எண்ணுதானே, கம்ப்யூட்டர்ல அப்படியே இருக்கு. ஆளாளுக்கு ஐசியக் காட்டட்டும். நீங்க நம்பரைப் படிங்க அங்கிள். நான் தேடி எந்த வரின்னு சொல்றேன். அந்த வரியில கையெழுத்துப் போடட்டும்."

தலைவர் யோசித்தார். அரசாங்க எண் என்பதால் ஒப்புக்கொண்டார்.

நான்தான் தயங்கினேன். காரணம் உண்டு. போன ஆண்டு நான் அடையாள அட்டை எண்ணோடு பட்டியலை அடித்துச் சுவரில் ஒட்டியிருந்தேன். நம் நாட்டு ஐசி எண்ணின் முதல் ஆறு இலக்கம் பிறந்த தேதி. எங்கள் உறுப்பினர் புஷ்பம் அன்று சபையில் எழுந்து நின்று, "எங்க வயச எதுக்குச் சுவத்துல ஒட்டுறீங்க? செத்தாத்தானே காசு குடுக்கப் போறீங்க, அப்பப் பாத்துக்குங்க" என்று பிடிபிடி என்று பிடித்தார். இனி ஐசி எண்ணை வெளியில் காட்டக்கூடாது என்று தீர்மானமே போட்டார்கள். அதை எழுதியவனும் நான்.

"வெளிய காட்டப் போறதில்லையே. என் காதுல மட்டும் சொல்லுங்க. உங்க குரல்தான் எதிர்ல இருக்கிறவருக்கே கேக்காதே" என்றாள் மேகலா.

அதுவும் உண்மைதான். என் குரலுக்கு ஏற்ற வேலை வாழ்க்கையில் முதல் தடவையாகக் கிடைத்தது.

வேலை ஓடியது. அட்டையை வாங்குவேன். முணுமுணுப்பேன். மேகலா தேடுவாள். "நூத்தி நாப்பத்தி ஒண்ணு" என்பாள். ஆள் அந்த வரியில் கையெழுத்துப் போட்டுவிட்டு நாற்காலியைப் பிடிக்கப் போவார். முப்பது. ஐம்பது. அறுபத்தெட்டு. மனசுக்குள் என் விடுதலையை எண்ணிக்கொண்டே இருந்தேன்.

அப்போது தலைவர் கையில் மைக்கோடு மேசைக்கு வந்தார். "சீக்கிரம், சீக்கிரம், ஐசிய வெளிய எடுத்து வெச்சுக்குங்க, மண்டபம் ஒரு மணி வரைக்கும்தான்" என்று அறிவித்தார். அறிவித்துவிட்டு மைக்கை என் முன்னால் மேசையில் வைத்துவிட்டுப் போனார்.

அணைக்கவில்லை.

அடுத்து வந்தவர் புஷ்பம். பட்டுச்சேலை, தலை நிறையப் பூ. அட்டையை முகம் தெரியாதபடி கவிழ்த்து நீட்டினார். வாங்கித் திருப்பி, வழக்கம்போல முணுமுணுத்தேன்.

"அஞ்சு. நாலு. சைபர். எட்டு."

மண்டபத்தின் நான்கு மூலைகளிலிருந்தும் ஒரு குரல் அதையே சொன்னது. கம்பீரமான குரல். யார் இவ்வளவு தெளிவாகப் பேசுவது என்று நானே திரும்பிப் பார்த்தேன்.

நான்தான்.

பலூன் ஊதுவதுகூட நின்றுவிட்டது. ஐம்பத்து நான்கில் பிறந்தவருக்கு இன்று என்ன வயது என்று மண்டபம் முழுவதும் விரல் விட்டுக் கணக்குப் போட்டது. எங்கள் உறுப்பினர்கள் கணக்கில் இவ்வளவு ஆர்வம் காட்டி நான் பார்த்ததே இல்லை.

"அலாமா!" என்றார் முன்வரிசையிலிருந்து முனியாண்டி. "நான் அம்பத்தாறுலா! அப்போ புஷ்பம் எனக்கு அக்காவா? இத்தன வருஷமா தங்கச்சி தங்கச்சின்னு கூப்பிட்டுக்கிட்டு இருக்கேன்!"

புஷ்பம் அட்டையை என் கையிலிருந்து பிடுங்கினார். நேராகப் பின்பக்கம் போய் உட்கார்ந்தார். அவருக்குப் பின்னால் வரிசையில் நின்ற பெண்கள், தங்கள் அட்டைகளைக் கைப்பையில் போட்டு ஜிப்பை இழுத்தார்கள். அந்தச் சத்தம் தனித்தனியாகக் கேட்டது. புஷ்பத்தையும் சேர்த்து முப்பத்தொரு பேர்.

மிச்சம் இருந்த ஆண்கள் பதின்மூன்று பேரும் கையெழுத்துப் போட்டு முடித்தார்கள். எண்பத்தொன்று. இன்னும் பதினைந்து வேண்டும். அந்தப் பதினைந்தும் கைப்பைக்குள் இருந்தது.

மேகலா தூது போனாள். திரும்பி வந்தாள்.

"மன்னிப்புக் கேக்கணுமாம்."

"கேட்டுடறேன்" என்று எழுந்தேன்.

"அங்க போயி இல்ல அங்கிள். மைக்ல. அவமானம் மைக்ல, மன்னிப்பும் மைக்லதானாம். அதோட..."

"அதோட?"

"நம்பரைத் தப்பாப் படிச்சிட்டேன்னு சொல்லணுமாம்."

"சரியாத்தாம்மா படிச்சேன்! அஞ்சு நாலுதான்!"

"அங்கிள்" என்றாள் மேகலா, மறுபடியும் அந்தக் கிளினிக் குரலில். "என்ன கேட்டுச்சுன்னே தெரியாம அதுக்கு ஓகே சொன்னவரு நீங்க. என்ன கேக்குறாங்கன்னு தெரிஞ்சே இதுக்கு ஒரு ஓகே சொல்லுங்க. இல்லன்னா அடுத்த வருஷமும் நீங்கதான்."

மேடைக்குப் போனேன். மைக்கைப் பிடித்தேன். மிக அருகில் பிடித்ததில் மைக் என் பல்லில் இடித்து, அதுவும் மண்டபம் முழுக்கக் கேட்டது.

பட்டறையில் அத்தனை வருடம் இருந்தேன். ஒரு வாஷரைக்கூட எண்ணிக்கையில் கூட்டியோ குறைத்தோ எழுதியதில்லை. மேலதிகாரி கேட்டும் எழுதியதில்லை. அதில் எனக்கு ஒரு பெருமை இருந்தது. இருந்ததே அது ஒன்றுதான்.

"சபைக்கு வணக்கம்" என்றேன். "உறுப்பினர் புஷ்பம் அவர்களோட ஐசியில முதல் எண்ணை நான் தப்பாப் படிச்சிட்டேன். அது அஞ்சு இல்ல. ஆறு. என் கண்ணாடி சரியில்ல. மன்னிக்கணும்."

ஒரே சொல்லில் பத்து ஆண்டைத் தள்ளுபடி செய்தேன்.

"அதானே பாத்தேன்!" என்று முனியாண்டி கை தட்டினார். "தங்கச்சியேதான்!"

மண்டபம் கை தட்டியது. புஷ்பம் எழுந்தார். பூவைச் சரி செய்துகொண்டு மேசைக்கு வந்தார். அட்டையை மேகலாவிடம் நேராக நீட்டினார், நான் பார்க்காதபடி. பின்னாலேயே முப்பது பெண்களும் வந்தார்கள். தொண்ணூற்றாறைத் தாண்டி, கடைசியில் நூற்றுப் பன்னிரண்டும் கையெழுத்தாயிற்று.

கூட்டம் செல்லும்! எனக்கு எழுந்து ஆட வேண்டும் போல இருந்தது. கூச்சத்தால் உட்கார்ந்திருந்தேன்.

நடவடிக்கைக் குறிப்பை நேரமில்லை என்று விட்டுவிட்டார்கள். நேராகத் தேர்தல். செயலாளர் பதவிக்கு மேகலாவைத் தலைவர் முன்மொழிந்தார். மேகலா எழுந்தாள்.

"ஐயா, நான் சம்மதிச்சது உண்மைதான். ஆனா நான் சம்மதிச்சப்ப சங்கத்துல இருநூத்தி எண்பத்தாறு உறுப்பினர் இருந்தாங்க. இப்ப இருநூத்தி எண்பத்தாறு கேள்விக்குறிதான் இருக்கு. அங்கிள் இதை எல்லாம் பேராக்கிக் குடுக்கட்டும், அடுத்த தேர்தல்ல நான் எடுத்துக்குறேன்."

நியாயமான பேச்சு. நான் அவள் இடத்தில் இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன். சொல்லியிருந்தாலும் யாருக்கும் கேட்டிருக்காது.

பின்பக்கத்திலிருந்து ஒரு கை உயர்ந்தது. புஷ்பம்.

"நம்ம செக்ரட்டரியையே நான் முன்மொழியிறேன். இத்தன பேரு முன்னாடி 'நான் தப்பாப் படிச்சிட்டேன்'னு ஒத்துக்க யாருக்கு மனசு வரும்? உள்ளத உள்ளபடி சொல்ற மனுஷன். இப்படிப்பட்டவருதான் கணக்கு வழக்கைப் பாக்கணும்."

"தங்கச்சி சொன்னாச் சரி. வழிமொழியிறேன்" என்றார் முனியாண்டி, சாப்பாட்டு மேசைப் பக்கம் நகர்ந்துகொண்டே.

"ஆட்சேபணை உண்டா?" என்று தலைவர் கேட்டார்.

நான் கையைத் தூக்கினேன்.

"செயலாளர் நன்றி சொல்கிறார்" என்றார் தலைவர். மண்டபம் மறுபடியும் கை தட்டியது. பலூன்காரரும் தட்டினார். உறுப்பினர் அல்லாதவர் கை தட்டியது செல்லாது என்று சொல்ல நினைத்தேன். மைக் தூரத்தில் இருந்தது.

கையெழுத்துகளைப் பார்த்தாவது நூற்றுப் பன்னிரண்டு பெயரை மீட்டுவிடலாம் என்று திங்கட்கிழமை தாள்களை விரித்துக்கொண்டு உட்கார்ந்தேன். எல்லாம் கோழி கிளறியது போல இருந்தது. படிக்க முடிந்தவை மூன்று. அதில் ஒன்று என்னுடையது.

"கையெழுத்துப் பக்கத்துல பேரையும் எழுத வெச்சிருக்கலாமே அங்கிள்" என்று மேகலா போனில் சொன்னாள்.

எழுத வைத்திருக்கலாம்தான். எனக்கும் அது திங்கட்கிழமைதான் தோன்றியது. அவளுக்கும்தான் என்பதில் ஒரு சின்ன ஆறுதல்.

பாரங்களைத் தலைவர் கிள்ளானிலிருந்து காரில் கொண்டுவந்து இறக்கினார். மெத்தை வாசம் அடிக்கிறது. ஒவ்வொன்றாக எடுத்து, ஒற்றை விரலால் தமிழில் தட்டி, சேமித்து, மூடி, மறுபடி திறந்து, பெயர் பெயராகவே இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் அடுத்ததற்குப் போகிறேன். பேக்கப்பும் எடுக்கிறேன். ஒன்றல்ல, இரண்டு. மூன்றில் எது பொய் என்று இப்போதெல்லாம் கேட்பதில்லை. ஆங்கிலத்தில் பெட்டி ஏதாவது திறந்தால் கையை மடியில் வைத்துக்கொண்டு மேகலாவுக்குப் போன் போடுகிறேன்.

இன்றைய நிலவரம்: பெயர் ஆனவர்கள் பதினெட்டு. இன்னும் கேள்விக்குறியாக இருப்பவர்கள் இருநூற்று அறுபத்தெட்டு.